பிரேக் பிடிக்காத தூக்கம்

ஜூன் 7, 2016

பால் தீய்ந்துவிட்டது. அது பெரிய விஷயமில்லை. அடுப்புக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அதுதான் விஷயம். குளித்துவிட்டுத் தலை துவட்டியபடி வருகிறேன், வீடு முழுக்கப் புகை நெடி. இவர் நிமிர்ந்து, "அதுக்குள்ள குளிச்சிட்டியா?" என்கிறார். வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். மூக்கு டாக்டர் போன வருஷமே சைனஸ் என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். அதைப் போடுகிறாரா என்று கேட்டேன். போட்டுப் பாட்டிலே காலியாம். அப்புறம் ஏன் தெரியவில்லை? தெரியவில்லையாம்.

நான் வேலை செய்கிற கண்ணாடிக் கடையில் கூட்டம். இரட்டைப் பார்வைக் கண்ணாடி வாங்கிய பெரியவர் ஒருவர் படியில் கால் வைக்கப் பயந்து, புதுக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நிம்மதியாக இறங்கிப் போனார்.

ஜூன் 19

இவர் காலையில் கழிப்பறைக்குள் போனால் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை முடித்துவிட்டுத்தான் வருகிறார். வயிற்று டாக்டர் தண்ணீர் குடி, பழம் சாப்பிடு, நட என்று சொன்னார். இவர் எல்லாம் செய்கிறார். வயிறுதான் மனசு வைக்க மாட்டேன் என்கிறது.

ஜூலை 23

மகள் போனில் அழைத்தாள். அப்பா ஏன் 'ம்' என்பதற்கு மேல் பேசுவதில்லை என்று கேட்டாள். வேலை அதிகம் என்றேன். பொய். வேலை எப்போதும் போலத்தான். லிஃப்ட் கம்பெனியில் இவ்வளவு வருஷமாக மெக்கானிக். பாதி ஊர் மேலே போவதும் கீழே வருவதும் இவர் கையால்தான். வீட்டுக்கு வந்தால் அன்றைக்கு எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டார்கள், உள்ளே இருந்து என்னென்ன திட்டினார்கள் என்று நடித்தே காட்டுவார். இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

மனநல டாக்டரிடம் கூட்டிப் போனேன். மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார். வரும் வழியில், என்னங்க வருத்தம் என்று கேட்டேன். "வருத்தம் இருந்தாத் தேவலையே சில்லு. ஒண்ணுமே இல்ல" என்றார்.

சில்லு என்பது நான்தான். கல்யாணமான புதிதில் என் புடவை மடிப்பில் கண்ணாடிச் சில்லு ஒன்று இருந்து இவர் விரலைக் கீறிவிட்டது. அன்றிலிருந்து.

ஆகஸ்ட் 14

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

விடியற்காலையில் இவர் என்னை அடித்துவிட்டார்.

தூக்கத்தில்தான். ஆனால் அடி அடிதான். இடது கண்ணுக்குக் கீழே, மூடிய கையால். அடித்த கை நிற்கவில்லை, என்னைக் கட்டிலை விட்டே தள்ளியது. நான் கத்திய கத்தலில் விழித்துக்கொண்டு, என்ன, யாரு என்று சுற்றிப் பார்க்கிறார். என் முகத்தைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இவரா? இந்த மனுஷனா? மகளை ஒரு தடவை அதட்டியதற்கே ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவரா?

கொஞ்ச மாசமாகவே தூக்கத்தில் உதைக்கிறார், முனகுகிறார். விளையாட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 16

கண்ணாடிக் கடையில் கறுப்புக் கண்ணாடி போட்டு நின்றால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தேன். ஒரு பெண் அதே மாதிரி ஃபிரேம் வேண்டும் என்று வாங்கியே போய்விட்டாள்.

முதலாளியம்மாவை ஏமாற்ற முடியவில்லை. லென்ஸ் தேய்க்கும் பின்னறைக்குக் கூப்பிட்டு, என் கண்ணாடியை அவரே கழற்றிப் பார்த்தார். திரும்ப மாட்டிவிட்டு, தன் வீட்டு மாடி சும்மாதான் கிடக்கிறது என்றார். அவ்வளவுதான். நான் லென்ஸ் தேய்க்கும் சக்கரத்தைப் போட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன்.

ஆகஸ்ட் 18

யார் சொன்னார்களோ, என் தம்பி வந்துவிட்டான். சரக்கு லாரிகளை அனுப்புகிற வேலை அவனுக்கு. நாள் முழுக்க டிரைவர்களிடம் கத்திக் கத்திக் குரலே உரத்துப்போனவன். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றேன். இவர் உள்ளே இருந்து வந்து, "பொய். நான்தான் அடிச்சேன்" என்றார்.

தம்பி எழுந்து நின்றான். இவரும் நின்றார், அவன் அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்பது போல. தூக்கத்தில் நடந்தது என்று நான் நடுவில் புகுந்து சொன்னேன். தூக்கத்தில் அடிக்கிறவனை எங்கே பார்த்திருக்கிறாய் என்று கேட்டான். மனசில் இல்லாதது கைக்கு எப்படி வரும் என்று கேட்டான்.

போகும்போது வாசலில் நின்று, "பையை எடு அக்கா, போலாம்" என்றான். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். ஏன் மாட்டேன் என்று சொல்லவில்லை? ஏன் சரி என்றும் சொல்லவில்லை?

ஆகஸ்ட் 19

மகள் அறையில் படுத்தேன். தாழ்ப்பாள் போட்டேன். சின்னச் சத்தம்தான். கூடத்தில் நின்றுகொண்டிருந்த இவர் காதில் விழுந்திருக்கும்.

காலையில் எட்டிப் பார்த்தால் இவர் இரண்டு மணிக்கட்டையும் கட்டில் சட்டத்தோடு கட்டிவைத்துப் படுத்திருக்கிறார். உயரத்தில் வேலை செய்யும்போது இடுப்பில் மாட்டுகிற பட்டையால். ஒரு கையைக் கட்டிவிட்டு இன்னொன்றைப் பல்லால் இழுத்திருக்கிறார். தோல் சிவந்து கிடந்தது. அவிழ்த்துவிட்டேன். பிறகு, கேட்க வேண்டும் என்று யோசித்துக் கேட்கவில்லை, தானாக வந்துவிட்டது: அன்னைக்கு என்ன கனவு?

இவர் சொன்னார். ஏதோ ஒரு உயரமான கட்டடம். நான் லிஃப்டுக்குள் பாதி, வெளியே பாதி. என் புடவைத் தலைப்பு கதவில் மாட்டிக்கொண்டது. பெட்டி மேலே ஏறத் தொடங்குகிறது. "தள்ளினேன். நீ நகரல. இன்னும் பலமாத் தள்ளினேன். நீ வெளிய விழுந்துட்ட. அப்பாடான்னு இருந்துச்சு. அப்பத்தான் நீ கத்தினது."

என்னைக் காப்பாற்றுவதற்காக என்னை அடித்திருக்கிறாராம்.

நம்பவா? அடித்தவன் எவனும் இவ்வளவு நல்ல கதை வைத்திருப்பான், இல்லையா? ஆனால் 'அப்பாடான்னு இருந்துச்சு' என்று சொன்னபோது அந்த முகம் — அதை ஜோடிக்க முடியுமா?

செப்டம்பர் 9

லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் குனிந்து வேலை செய்துவிட்டு நிமிர்ந்திருக்கிறார். கண் இருட்டியிருக்கிறது. இடுப்புப் பட்டை பிடித்துக்கொண்டது. பட்டை இல்லாவிட்டால்... எழுத மாட்டேன். கம்பெனி இனி மேலே ஏறக் கூடாது என்று சொல்லி இதய டாக்டரிடம் அனுப்பியது.

இதய டாக்டர் வயதானவர், அவசரமே இல்லாதவர். படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். எழுப்பி நிற்க வைத்துப் பார்த்தார். காத்திருந்து இன்னொரு தடவை பார்த்தார். எழுந்து நின்றால் அழுத்தம் சரசரவென்று கீழே போகிறது. இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றார். எழுந்து வந்துவிட்டோம். கதவருகே போன பிறகுதான் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"சாப்பாட்டு வாசனை தெரியுதா உங்களுக்கு?"

இவர் இல்லை என்றார். மலச்சிக்கல் உண்டா? உண்டு. எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறதா? நான்தான் ஆமாம் என்றேன். கடைசிக் கேள்வியை அவர் இவரைப் பார்த்துக் கேட்கவில்லை. அடிபட்ட தடம் இன்னும் லேசாக மஞ்சளாகத் தெரிந்த என் கன்னத்தைப் பார்த்துக் கேட்டார்: "தூக்கத்துல கை கால் வீசுறாராம்மா?"

நெஞ்சைப் பார்க்கிற ஒருவருக்கு என் படுக்கையறையில் நடந்தது எப்படித் தெரியும்? மூக்குக்கும் வயிற்றுக்கும் இவர் கைக்கும் நடுவில் அப்படி எந்தக் கம்பி ஓடுகிறது?

நரம்பு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

செப்டம்பர் 28

நரம்பு டாக்டர் ஒரு பெண்மணி. தூக்கத்தைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றார். ஆஸ்பத்திரியில் ஒரு அறை, தலை நிறைய ஒயர், கேமரா. தானும் வந்து அந்தப் படத்தைப் பார்ப்பேன் என்று தம்பி ஒற்றைக்காலில் நிற்கிறான். வரட்டுமே என்றார் இவர்.

அக்டோபர் 6

இவர் ஆஸ்பத்திரியில் தூங்கியபோது எடுத்த படத்தை, மத்தியானம் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துக் கணினியில் போட்டுக் காட்டினார் டாக்டர். இவர் கூடவே உட்கார்ந்து தன்னையே பார்க்கிறார்.

முதலில் ஒன்றுமில்லை. படுத்திருக்கிறார், தலையில் ஒயர்கள், நாடகத்தில் ராஜா வேஷம் போட்டு அசந்துவிட்டவர் போல. கீழே கோடுகள் ஓடுகின்றன. டாக்டர் ஒரு கோட்டைக் காட்டி, இங்கே கனவு தொடங்குகிறது என்றார். இன்னொரு கோட்டைக் காட்டினார். அது தாடைத் தசையாம். கனவின்போது அது தட்டையாகப் படுத்துவிட வேண்டுமாம். இவருடையது எகிறிக்கொண்டிருந்தது.

"கனவு காணும்போது நம்ம எல்லாருடைய உடம்பையும் மூளை கட்டிப் போட்டுடும். கண்ணையும் மூச்சையும் மட்டும்தான் விட்டு வைக்கும். இல்லேன்னா நாம எல்லாரும் எழுந்து ஓடிக்கிட்டிருப்போம். இவருக்கு அந்தக் கட்டு விழல. அவ்வளவுதான்."

அப்போது படத்தில் இவர் கையை நீட்டினார். எதையோ இரு கையாலும் பிடித்து இழுக்கிறார். வாய் பேசுகிறது. டாக்டர் சத்தத்தைக் கூட்டினார்.

"சில்லு, நகரு! தம்பியைப் புடி, கை நழுவுது... விட்ராத மச்சான், நான் புடிச்சிருக்கேன், விட்ராத..."

கண் மூடியே இருக்கிறது. கழுத்து நரம்பு புடைத்து, முழு உடம்பும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒருவனை மேலே இழுக்கிறது. இழுத்து முடித்தார். அணைத்துக்கொண்டார், காற்றை. முகம் தளர்ந்தது.

தம்பி நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். வெகுநேரம் வெளியே வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்து இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் எங்க மாமா விழுந்தேன்?" என்று கேட்டான்.

"லிஃப்டுக்கு மேல, மோட்டார் ரூம் ஓட்டை வழியா" என்றார் இவர். "நீ ரொம்ப கனம்டா."

அக்டோபர் 7

நேற்றிலிருந்து அதே நினைப்பு. ஒவ்வொரு நாளும் உலகத்தில் இருக்கிற அத்தனை பேரும் கட்டிப்போடப்படுகிறார்கள். முதலாளியம்மா, லாரி டிரைவர்கள், ஊரை ஆளுகிறவர்கள், பச்சைக் குழந்தை. யார் கட்டினார்கள் என்று தெரியாமல், கட்டியதே தெரியாமல், காலையில் அவிழ்த்துவிடப்பட்டு எழுந்து பல் தேய்க்கப் போகிறோம். இது ஒருநாளும் எனக்குத் தெரியாது. என் உடம்புக்குள்ளேயே நடக்கிறது, எனக்குச் சொல்லப்படவில்லை!

இவர் தன் பாஷையில் புரிந்துகொண்டுவிட்டார். லிஃப்டில் மோட்டார் ஓடாதபோது பிரேக் இறுகப் பிடித்துக்கொண்டிருக்குமாம். அதனால்தான் பெட்டி நிற்கிற இடத்தில் நிற்கிறதாம். "கனவு மோட்டார் ரூம்ல ஓடட்டும், பெட்டி அசையக் கூடாது. எனக்கு பிரேக் தேஞ்சுபோச்சு சில்லு. நான் கெட்டவன் இல்ல, பிரேக்தான்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எத்தனை மாசமாயிற்று.

அக்டோபர் 20

இன்று முழுக் கதையையும் சொன்னார் டாக்டர். பிரேக் மட்டும் இல்லை. மோப்பம், குடல், ரத்த அழுத்தம், மனசு — எல்லாமே ஒரே நோயின் வாசற்படியாக இருக்கலாமாம். பார்க்கின்சன். நடுக்குவாதம்.

கையே நடுங்கவில்லையே டாக்டர் என்றேன். நடுக்கம் பெரும்பாலும் தாமதமாக வருகிற விருந்தாளி என்றார். அதற்கு வெகு வருஷம் முன்பே நோய் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்குமாம், மூக்கில், குடலில், தண்டுக்கு மேலே மூளையின் அடிப்பகுதியில். ஒவ்வொரு டாக்டரும் தன் ஜன்னல் வழியே ஒரு துண்டைப் பார்த்திருக்கிறார். எல்லாத் துண்டும் ஒரே ஆள்.

நிச்சயமா என்று கேட்டார் இவர். "வரலாம். எப்பன்னு சொல்ல முடியாது. தடுக்கிற மருந்து இன்னைக்கு எங்ககிட்ட இல்ல. இருக்கிறதா பொய் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். நடக்கச் சொன்னார், மூச்சு வாங்குகிற அளவுக்கு. தூக்கத்துக்கு ஒரு மாத்திரை. மனசுக்கு வேறு மாத்திரை. படுக்கையைத் தரையோடு போடச் சொன்னார். எழும்போது அவசரப்படாமல் எழ வேண்டும்.

பஸ்ஸில் திரும்பினோம். எனக்குப் பயம் இருந்தது. ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அதை எழுத வெட்கமாக இருக்கிறது: பிரமிப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இந்த மனுஷனை எனக்குத் தெரியும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேனே.

மார்ச் 2, 2017

புது மாத்திரையா, நடையா, தெரியவில்லை. இன்று வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே, லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு வக்கீல் எப்படிச் சட்டம் பேசினார் என்று நடித்துக் காட்டினார். மேலே ஏறுகிற வேலை இல்லை இப்போது. அலுவலகத்தில் உட்கார்ந்து பையன்களுக்குப் போனில் வழி சொல்கிறார். கதை மட்டும் எப்படியோ கிடைத்துவிடுகிறது.

நவம்பர் 11, 2017

நெற்றியிலும் மூக்கு ஓரத்திலும் எண்ணெய் வழிந்து செதில் செதிலாக உரிகிறது என்று தோல் டாக்டரிடம் போனோம். களிம்பு எழுதிவிட்டு, நரம்பு டாக்டர் பெயரைச் சீட்டில் பார்த்ததும், "ஓ, இதுவும் அந்த வீட்டுப் பிள்ளைதான்" என்றார். தோலுமா? தோலும்தான்.

ஜூலை 5, 2018

படிக்கட்டில் கடைசிப் படி தெரியவில்லை என்கிறார். கண் என் துறை ஆயிற்றே, விடுவேனா. கடை சாத்திய பிறகு நாற்காலியில் உட்கார வைத்து எழுத்து அட்டையைக் காட்டினேன். கடகடவென்று கீழ் வரிசை வரை படித்துவிட்டார். இதற்கா இவ்வளவு என்று நினைத்து, அடுத்து மங்கல் அட்டையை வைத்தேன். அதில் எழுத்து எல்லாம் ஒரே அளவு, நிறம்தான் கறுப்பிலிருந்து சாம்பலாகி வெள்ளையோடு கரைந்துகொண்டே போகும். பாதியில் நின்றுவிட்டார். அதற்கு மேல் வெறும் அட்டை என்கிறார். எனக்குப் பளிச்சென்று தெரிகிற எழுத்துகள்.

டாக்டரிடம் சொன்னேன். மூளையில் குறைகிற அதே ரசாயனம் கண்ணின் திரையிலும் வேலை செய்கிறதாம். இத்தனை வருஷமாக ஆயிரம் கண்களைப் பார்த்துவிட்டேன் என்ற என் கர்வத்துக்கு ஒரு குட்டு. கண்ணுக்குள்ளும் மூளைதான் உட்கார்ந்திருக்கிறது.

படிகளின் ஓரத்தில் மஞ்சள் நாடா ஒட்டினேன். தம்பி வந்து, வீடா விமான நிலையமா என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஏப்ரல் 17, 2019

கடை ஜன்னல் கண்ணாடியில் நாங்கள் இருவரும் நடந்து வருவதைப் பார்த்தேன். இவர் வலது கை வீசுகிறது. இடது கை வீசவில்லை. பையில்லாமலேயே பை தூக்கியவர் கை போல ஒட்டிக்கொண்டு வருகிறது.

இவரும் அதே கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏப்ரல் 30, 2019

விருந்தாளியும் வந்தாயிற்று, இடது கையில் லேசான நடுக்கம். போன வாரம் டாக்டர் விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், பின்னாலிருந்து தோளை இழுத்துப் பார்த்தார். எதிர்பார்த்தது என்பதாலோ என்னவோ, டாக்டரோடு சேர்த்து மூன்று பேரும் நிதானமாக இருந்தோம். வேளைக்கு வேளை மாத்திரை. முதல் வாரத்திலேயே கை கொஞ்சம் இளகியிருக்கிறது.

மகளிடம் போனில் சொன்னபோதுதான் அழுதேன்.

பிப்ரவரி 8, 2021

சட்டைப் பொத்தான் போட இப்போது நான். குரல் இறங்கிக்கொண்டே வந்து ஊதுவது போல ஆகிவிட்டது. மகள் போன் செய்தால் நான் வாங்கி, இவர் சொல்வதை மறுபடி சொல்கிறேன். இவருக்குத் தான் சத்தமாகத்தான் பேசுகிறோம் என்று நினைப்பு. எங்களுக்குத்தான் காது மந்தமாம்.

மார்ச் 21, 2022

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

நான் பக்கத்து அறையில்தான் படுக்கிறேன், கதவு திறந்தே இருக்கும். விடிந்துவிட்டது, காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு நிற்கிறேன். இவர் அறையிலிருந்து யாரோ ஆண் குரல். வீட்டில் யார்? கணீரென்ற குரல், யாரையோ அதட்டுகிறது. கரண்டியைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தேன்.

இவர்தான். தரைப் படுக்கையில் கண் மூடிக் கிடக்கிறார். "யாரு கீழ? சுவிட்சைத் தொடாதே! நான் சொல்ற வரைக்கும் தொடக் கூடாது!" என் கல்யாணத்தன்று மண்டபக் கோடியில் நின்று என்னைக் கூப்பிட்ட குரல். ஒரு பிசிறு இல்லை. கைகள் மேலே போகின்றன, ரெண்டும்; இடது கையும். ஸ்பேனர் பிடித்துத் திருகுகிற விரல்கள். நேற்று இதே விரல்களுக்குள் ஒரு பொத்தான் நிற்கவில்லை. எவ்வளவு வேகம், எவ்வளவு சரளம். நடுக்கம் எங்கே? இறுக்கம் எங்கே போயிற்று?

வாசலில் நின்றபடியே பார்த்தேன். எழுப்பத் தோன்றவில்லை. கோயில் கதவு திறந்த மாதிரி — எப்படிச் சொல்வது — இவர் உள்ளே இருக்கிறார். முழுசாக இருக்கிறார். எங்கும் போய்விடவில்லை.

பிறகு கண் விழித்தார். வாயசைத்தார். காதைக் கிட்டே கொண்டு போனேன். தண்ணீர் கேட்டார், ஊதுகிற குரலில்.

ஏப்ரல் 4, 2022

டாக்டரிடம் சொன்னேன், நம்ப மாட்டாரோ என்ற தயக்கத்தோடு. நம்பினார். மருத்துவத்தில் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்களாம். பகலில் முடங்கிய கை கனவில் ஓடுவது, தேய்ந்த குரல் கனவில் திரும்புவது. எப்படி டாக்டர் என்றேன். "பழுதான சாலையை விட்டுட்டுக் கனவு வேற வழியாப் போகுதுன்னு சொல்றாங்க. உண்மையைச் சொன்னா, முழுசா யாருக்கும் தெரியாது. எனக்கும் ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமாத்தான் இருக்கு."

ஆனால் போன வாரம் இவர் அலமாரி முனையில் முழங்கையை மோதிக்கொண்டார். தூக்க மாத்திரையைக் கூட்டலாமா என்று கேட்டார் டாக்டர். கூட்டினால் கனவு அடங்கும். அடங்கினால் அந்தக் குரலும் போய்விடும்.

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். சுயநலம். ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம் அந்தக் குரல் கிடைத்தால் போதும் என்று இருந்தது. இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் பக்கம் திரும்பி, "கூட்டுங்க" என்றார். வெளியே வந்து, ஏன் என்று கேட்டேன். என் காதில் சொன்னார்: "கனவுல நான் நல்லாத்தான் இருக்கேன். நீ பக்கத்துல வந்து படுக்கணும்."

ஏப்ரல் 19, 2022

சத்தமில்லாத காலை. நான் எட்டுகிற தூரத்தில் படுத்திருக்கிறேன், நடுவில் ஒரு தலையணை.

செப்டம்பர் 15, 2023

நரம்பு டாக்டர் ஒரு மாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாப் பிரிவு இளம் டாக்டர்களையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்து ஒரு வகுப்பு. மூக்கு, குடல், இதயம், தோல், கண், மனசு, எல்லாம். இவர் வந்து பேச வேண்டும். பேச்சே இல்லாத மனுஷனைப் பேசக் கூப்பிடுகிறாரே என்று நான் முனகினேன். இவர் வெள்ளைச் சட்டையை எடுத்து வைக்கச் சொன்னார்.

இன்று போனோம். படிப்படியாக மேலே ஏறிப்போகும் கூடம், வெள்ளைக் கோட்டுகள். மைக்கைக் கொடுத்தார்கள், மூச்சுச் சத்தம்தான் வந்தது. நான் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, காதைக் கொடுத்து, கேட்டதைச் சத்தமாகச் சொன்னேன். முதலில் "இவர் என்ன சொல்றார்னா" என்று தொடங்கினேன். அப்படியே 'நான்' என்றே சொல்லுங்கள் என்றார் டாக்டர். அதனால், "நான் லிஃப்ட் மெக்கானிக். பால் தீஞ்சது எனக்குத் தெரியல. என் பொண்டாட்டி என்னைத் திட்டினா" என்று நானே சொல்லும்படி ஆயிற்று. கூடம் சிரித்தது. அடித்ததையும் விடாமல் சொன்னார். நானும் விடாமல் சொன்னேன். "நான் இவளை அடிச்சேன்" என்று என் வாயால். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

கேள்வி நேரம். இத்தனை கஷ்டத்தில் எது பெரிய கஷ்டம் என்று ஒருவர் கேட்டார். குரல் என்பார், கை என்பார் என்று காத்திருந்தேன். வாசனை என்றார். வாசனை போனால் வீட்டுக்குள் நுழைந்தாலும் வீட்டுக்கு வந்த மாதிரி இருப்பதில்லையாம். எனக்கே இது புதிது. ஏழு வருஷமாக இவர் மூக்கைப் பற்றி நான் கேட்டதெல்லாம் சொட்டு மருந்து போட்டீர்களா என்பதுதான்.

மேல்வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்தாள். மூக்கு, தொண்டைப் பிரிவாம். கனவில் குரல் வந்தது, கை வந்தது என்கிறீர்களே. கனவில் வாசனை வருமா என்று கேட்டாள்.

இவர் யோசித்தார். டாக்டரும் இவரைத் திரும்பிப் பார்த்தார்; அவரும் இதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. நான் காதைக் கொண்டு போனேன். இவர் பேசினார். நான் நிமிர்ந்தேன். அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள். இவர் என் கையைத் தட்டினார், சொல்லு என்று.

சொன்னேன்.

"ஒரே ஒரு தடவை வந்துச்சு. இவ கடையிலேர்ந்து வந்து பக்கத்துல உக்கார்றா. லென்ஸ் தேய்க்கிற தண்ணி வாடை, மாவு மாதிரி, ஈரக் கல்லு மாதிரி. கல்யாணமான புதுசுல எனக்கு அது பிடிக்காது, குளிச்சிட்டு வான்னு சொல்வேன். கனவுல மூச்சை உள்ள இழுத்தேன். வெளிய விட மனசு வரல."

அந்தப் பெண் உட்கார மறந்து நின்றாள்.

என் மேல் அப்படி ஒரு வாடை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நமக்கு நம் வாடை தெரியாதல்லவா.

முடிந்து லிஃப்டில் இறங்கினோம். வகுப்பிலிருந்து வந்த டாக்டர்கள் பாதிப் பேர் எங்களோடு நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். இவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு என் காதில் ஏதோ சொன்னார். பழக்க தோஷம், அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி நான் அதையும் சத்தமாகச் சொல்லிவிட்டேன்:

"இந்தப் பெட்டி இடது பக்கம் உரசுது. நாளைக்கே ஆள் அனுப்பிப் பாக்கச் சொல்லணும்."